ஒரே தீயில் வெந்த கிண்ணங்கள்: லூசி ரீ என்னும் குயவர்

லூசி ரீயின் கிண்ணம் ஒன்றைப் பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது, "எவ்வளவு மெல்லிசா இருக்கு!" என்பதுதான். அடுத்து நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள். அவர் வியன்னாவில் பிறந்தவர், நவீனக் கட்டடக்கலை பிறந்துகொண்டிருந்த ஊரில் வளர்ந்தவர், அதனால்தான் கையில் இந்தச் சிக்கனம் என்று கலை விமர்சகர்கள் விளக்கம் தருவார்கள். அந்த விளக்கம் தவறில்லை. ஆனால் அது கிண்ணத்தின் வடிவத்தோடு நின்றுவிடுகிறது. அதன் மேற்பரப்பு ஏன் அப்படி இருக்கிறது, நிறம் ஏன் மண்ணுக்குள்ளிருந்து கசிந்து வருவதுபோலத் தெரிகிறது என்பதை அது சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேறொரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கிண்ணத்தை அவர் எத்தனை முறை சுட்டார்?

ஒரே முறைதான் சுட்டார்.

மண்பாண்ட வேலை பழகியவர்களுக்கு இது சாதாரணச் செய்தி இல்லை. இன்றைய ஸ்டுடியோ குயவர்களில் பெரும்பாலோர் இரண்டு முறை சுடுகிறார்கள். சக்கரத்தில் வனைந்து, நன்றாகக் காயவைத்த பாத்திரத்தை முதலில் 1000 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டு எடுப்பார்கள். இதற்கு 'பிஸ்க்' என்று பெயர். அந்தச் சூட்டில் மண் இறுகிவிடும், இனித் தண்ணீரில் கரையாது. அதே சமயம் நுண்துளைகள் நிறைந்து, தண்ணீரை உறிஞ்சும் நிலையிலும் இருக்கும். அதை கிளேஸ், அதாவது மெருகுப் பூச்சுக்கான பொடியும் நீரும் சேர்ந்த கலவை, நிறைந்த வாளியில் முக்கி எடுத்தால், துளைகள் நீரை இழுத்துக்கொள்ள, கிளேஸ் பொடி மேலே ஒரே சீராகப் படியும். பிறகு இரண்டாவது சூளை. ஸ்டோன்வேர், அதாவது உயர் சூட்டில் கல்போல இறுகும் வகை, என்றால் 1250 டிகிரியை ஒட்டி. அப்போது கிளேஸ் உருகிக் கண்ணாடியாகும்.

ரீ அந்த முதல் சூட்டைத் தவிர்த்துவிட்டார். காய்ந்த பச்சைமண் பாத்திரத்தின் மேலேயே கிளேஸைப் பூசி, நேராக ஸ்டோன்வேர் வெப்பத்துக்கு ஏற்றினார்.

இதில் என்ன சிரமம் என்று கேட்கலாம். பச்சைமண் பானையில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் சிரமம். நான் மண்வேலை பழகத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் இதைச் செய்து பார்த்தேன். ஒரு வாரம் காய்ந்த சிறிய கிண்ணம், தட்டினால் 'டக்' என்று உலர்ந்த சத்தம் வரும் அளவுக்குக் காய்ந்தது. வாளியில் முக்கி எடுத்தேன். பத்து எண்ணுவதற்குள் விளிம்பின் ஒரு பக்கம் நிறம் மாறிக் கறுத்தது. பிறகு 'சிர்' என்று மிக மெல்லிய ஓசை. விளிம்பிலிருந்து அடிவரை மயிரிழை போல ஒரு விரிசல். கீழே வைத்தபோது அடிப்பாகம் பலகையில் சேறாக ஒட்டிக்கொண்டது. அடுத்த கிண்ணத்துக்குத் தூரிகை எடுத்தேன். முதல் நாள் உட்புறம், முழுக்க உலர்ந்தபின் மறுநாள் வெளிப்புறம். அது பிழைத்தது. ரீயின் வேலையைப் பற்றி அதுவரை படித்த எதையும்விட அந்த இரண்டு நாள் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

அவரும் தூரிகையால்தான் பூசினார். பாத்திரத்தைச் சக்கரத்தின் நடுவில் வைத்து, சக்கரம் மெதுவாகச் சுற்றும்போதே, கெட்டித் தயிர்ப் பதத்தில் இருக்கும் கிளேஸைப் பெரிய தூரிகையில் அள்ளி வைத்துக்கொண்டே போவார். கலவை ஒட்டிப் பிடிக்க அதில் வேலம்பிசின் சேர்த்திருப்பார். வாளியில் முக்கினால் கிடைக்கும் வழவழப்பான சமப்பூச்சு இதில் கிடைக்காது. ஓரிடத்தில் தடிமன் கூடும், ஓரிடத்தில் குறையும். தூரிகை சுற்றிய தடம் இருக்கும். சூளையில் அது உருகும்போது அந்த ஏற்றத்தாழ்வு முழுவதும் நிறவேறுபாடாக, சொரசொரப்பாக, கோடாக வெளிப்படும்.

இதைவிட முக்கியமானது மண்ணுக்கும் கிளேஸுக்கும் நடுவே நடப்பது. ஏற்கெனவே சுட்ட மண்ணின் மேல் போடும் கிளேஸ், கட்டி முடித்த சுவருக்கு அடிக்கும் வண்ணம் போன்றது. அங்கும் உருகும் கண்ணாடி மண்ணைக் கொஞ்சம் கடித்துப் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் பச்சைமண்ணில் பூசினால் இரண்டும் ஒன்றாகவே வேகின்றன. மண்ணுக்குள் வேதிப்பிணைப்பில் இருக்கும் நீர் 500, 600 டிகிரியில் வெளியேறுவது இந்தப் பூச்சின் வழியாகத்தான். மண் சுருங்கும்போது பூச்சும் சேர்ந்து சுருங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் செதிலாக உதிர்ந்துவிடும். மண்ணில் கலந்த உலோக ஆக்சைடுகள் மேலேறி கிளேஸில் கரைகின்றன. மாங்கனீசு கலந்த மண்ணின் மேல் வெள்ளை கிளேஸ் பூசினால் அந்த வெள்ளையில் பழுப்புப் புள்ளிகள் அடியிலிருந்து முளைக்கும். ரீயின் கிண்ணங்களில் நிறம் உள்ளிருந்து வருவதுபோலத் தெரிவது கண்மயக்கு இல்லை. உண்மையிலேயே உள்ளிருந்துதான் வருகிறது.

தமிழில் 'வனைதல்' என்ற சொல்லுக்குப் பானையை உருவாக்குவது என்றும் பொருள், அழகுபடுத்துவது, ஓவியம் தீட்டுவது என்றும் பொருள். உருவம் ஒரு வேலை, அலங்காரம் பிறகு வரும் இன்னொரு வேலை என்ற பிரிவினை அந்தச் சொல்லில் இல்லை. ரீயின் முறையை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கை எங்கே பழகியது என்று இனிப் பார்க்கலாம்.

1902 மார்ச் 16-இல் வியன்னாவில் வசதியான யூதக் குடும்பம் ஒன்றில் லூசி கோம்பெர்ஸ் பிறந்தார். தந்தை மருத்துவர். தாய்வழி மாமா சாண்டோர் வொல்ஃப் ஐசன்ஷ்டாட் என்ற ஊரில் இருந்தார். ரோமானியர் காலத்துப் பொருள்களைத் தோண்டி எடுத்துச் சேகரிப்பதில் அவருக்குப் பெரிய ஈடுபாடு. விடுமுறைக்குப் போகும் சிறுமி, மண்ணுக்கடியில் பல நூற்றாண்டுகள் கிடந்து, உவர் அரித்து, நிறம் மங்கி வந்த பாத்திரங்களைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தாள். பிற்காலத்தில் அவர் செய்த குழிவிழுந்த கிளேஸ்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த மாமா வீடு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

1922-இல் வியன்னாவின் கலைத்தொழில் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஒரு சக்கரத்தைக் கண்டார். அதோடு மற்ற எல்லாம் விட்டுப்போயிற்று. ஆசிரியர் மிகாயேல் போவோல்னி. வியன்னாவின் கலைத்தொழில் இயக்கத்தைத் தூக்கி நிறுத்திய யோசஃப் ஹாஃப்மன் அந்தப் பள்ளியின் பெரிய பெயர். போவோல்னியின் சொந்த வேலைகள் பூவும் குழந்தையுமாக அலங்காரம் மிகுந்தவை. மாணவி அந்தப் பக்கம் போகவில்லை. அங்கே அவர் பிடித்துக்கொண்டது கிளேஸ் வேதியியலைத்தான். எந்த ஆக்சைடை எவ்வளவு போட்டால் எந்த வெப்பத்தில் என்ன ஆகும் என்று குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் அங்கே தொடங்கியது, கடைசிவரை விடவில்லை. 1925 பாரிஸ் கண்காட்சியிலேயே அவர் பாத்திரங்கள் இடம்பெற்றன. 1937-இல் அதே நகரின் சர்வதேசக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம்.

1926-இல் ஹான்ஸ் ரீயை மணந்தார். அவர்கள் குடியிருந்த வீட்டின் உள்ளமைப்பை எர்ன்ஸ்ட் பிளிஷ்கே என்ற இளம் கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். வால்நட் மரத்தில் அலமாரிகள், முக்காலிகள், மேசை. எதிலும் ஒரு பூ வேலை கிடையாது. மரத்தின் ரேகை ஓடும் திசைதான் அலங்காரம். இந்த அலமாரிகளில் வைப்பதற்குத்தான் அவர் பாத்திரம் செய்தார் என்று சொன்னால் மிகையாகாது. வெறுமையான ஒரு பலகையில் தனியாக வைத்தாலும் ஒரு கிண்ணம் நிற்க வேண்டும். அதற்குத் தகுந்த விளிம்பும் அடியும் அதற்கு இருக்க வேண்டும்.

1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை நாஜி ஜெர்மனி விழுங்கியது. அந்த ஆண்டு அக்டோபரில் லூசியும் ஹான்சும் லண்டன் வந்து சேர்ந்தார்கள். ஹான்ஸ் அமெரிக்காவுக்குப் போனார், மணவாழ்க்கை அதோடு முடிந்தது. லூசி லண்டனிலேயே தங்கினார். ஹைட் பார்க் பக்கத்தில், ஆல்பியன் மியூஸ் 18-ஆம் எண். ஒரு காலத்தில் குதிரை லாயம் இருந்த சந்தில் ஒரு சிறு வீடு. கீழே பட்டறை, மேலே குடியிருப்பு. பிளிஷ்கேயின் மரச்சாமான்கள் கழற்றப்பட்டு வியன்னாவிலிருந்து கப்பலேறி வந்தன. அவற்றை இந்தச் சிறு வீட்டுக்குப் பொருத்திக் கொடுத்தவர் சிக்மண்ட் ஃப்ராய்டின் மகனும் கட்டடக் கலைஞருமான எர்ன்ஸ்ட் ஃப்ராய்ட். அடுத்த 50 ஆண்டுக்கு மேல், சாகும்வரை, அவர் அந்த வீட்டைவிட்டு மாறவில்லை.

ஐரோப்பாவில் பதக்கம் வாங்கியவரை லண்டனில் யாருக்கும் தெரியாது. போர் வேறு. வாழ்க்கை நடத்த அவர் செய்தது பட்டன். வியன்னாவிலிருந்து தப்பி வந்த இன்னொருவர், ஃப்ரிட்ஸ் லாம்பல், கண்ணாடி பட்டன் செய்துகொண்டிருந்தார். அவரிடம் தொடங்கி, பிறகு தன் பட்டறையிலேயே களிமண் பட்டன் தயாரித்தார். போர்க்காலத்தில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. ஆடை வடிவமைப்பாளர்களுக்கு நல்ல பட்டன் கிடைக்கவில்லை. ஆகவே களிமண் பட்டனுக்குக் கிராக்கி இருந்தது.

ரீயைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியை வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலை என்று இரண்டு வரியில் கடந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிளாஸ்டர் அச்சில் அழுத்தி எடுத்த சிறு சிறு பட்டன்கள். ரோஜா வடிவம், முடிச்சு வடிவம், சுருள் வடிவம். ஒவ்வொரு வாடிக்கையாளரும் துணியில் ஒரு துண்டு வெட்டி அனுப்புவார். இந்தப் பச்சைக்கு, இந்தச் சாம்பலுக்கு, இந்த மங்கிய சிவப்புக்குப் பொருந்துகிற நிறத்தில் பட்டன் வேண்டும். கிளேஸ் பச்சையாக இருக்கும்போது ஒரு நிறம், வெந்தபின் வேறொரு நிறம். துணியின் நிறத்தைப் பார்த்து, வெந்தபின் அதுவாக மாறப்போகும் பொடியை முன்கூட்டியே கலக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இதைச் செய்தவரின் கையில் நிறம் எப்படிப் பழகியிருக்கும்! இளஞ்சிவப்பு, எலுமிச்சை மஞ்சள், வெளிர்நீலம் என்று ஸ்டோன்வேரில் மற்றவர்கள் தொடத் தயங்கிய நிறங்களைப் பிற்காலத்தில் அவர் அவ்வளவு உறுதியாகக் கையாண்டதற்குப் பட்டன்களே காரணம் என்று நான் நம்புகிறேன். வியன்னா அவருக்கு வடிவத்தைக் கொடுத்தது. நிறத்தைக் கொடுத்தது லண்டனில் கழிந்த அந்தக் கடினமான ஆண்டுகள்.

(அந்தப் பட்டன்களுக்குப் பிற்காலத்தில் ஒரு மறுவாழ்வும் கிடைத்தது. ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே 1980-களில் ரீயைத் தேடி வந்து நண்பரானார். மிச்சமிருந்த பட்டன்களை அவரிடம் கொடுத்தார் ரீ. 1989-இல் மியாகே தன் ஆடைகளில் அவற்றைத் தைத்தார். அதே ஆண்டு ஜப்பானில் ரீயின் பாத்திரங்களுக்கு ஒரு பெரிய கண்காட்சியும் நடத்தினார்.)

1946-இல் பட்டன் பட்டறையில் வேலை கேட்டு ஓர் இளைஞர் வந்தார். ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்தவர், பெயர் ஹான்ஸ் கோப்பர். மண்ணைத் தொட்டதே இல்லை. சிற்பி ஆக வேண்டும் என்பது ஆசை. முதலில் பட்டன் அழுத்தினார். சில நாள் வனையக் கற்றுவரும்படி ரீ அவரை வேறொரு குயவரிடம் அனுப்பினார். விரைவிலேயே கோப்பர் பட்டறையின் சரிபாதி ஆனார். இருவரும் சேர்ந்து காபிக் கோப்பை, தட்டு, பால் ஜாடி என்று மேசைப் பாத்திரங்கள் செய்தார்கள். வெளியே அடர்பழுப்பு, உள்ளே வெள்ளை, சிலவற்றில் ஊசியால் கீறிய மெல்லிய கோடுகள். இருவரின் முத்திரையும் அடியில் இருக்கும். லண்டனின் நல்ல கடைகள் அவற்றை வாங்கி விற்றன. 1950-களின் இறுதியில் கோப்பர் தனிப் பட்டறைக்குப் போய், 20-ஆம் நூற்றாண்டின் பெரிய மண்பாண்டக் கலைஞர்களில் ஒருவரானார். நட்பு மட்டும் 1981-இல் அவர் இறக்கும்வரை நீடித்தது. ரீயின் வாழ்க்கையில் கோப்பரின் பங்கு வேறொன்றும் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் பெர்னார்ட் லீச்சிடம் வர வேண்டும். சற்றுப் பொறுத்து வருகிறேன்.

1948-இல் ரீ உயர் வெப்பம் தாங்கும் மின்சூளை ஒன்றை வாங்கினார். வியன்னாவில் அவர் செய்ததெல்லாம் குறைந்த சூட்டில் வேகும் எர்தன்வேர். இனி ஸ்டோன்வேர், போர்சலின் என்னும் பீங்கான் இரண்டும் கைக்கு வந்தன. ஆனால் மின்சூளையில் ஒரு குறை உண்டு என்பது அன்றைய பொதுக் கருத்து. விறகோ எரிவாயுவோ எரியும் சூளையில் காற்றைக் குறைத்தால் தீ தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கிளேஸில் இருக்கும் உலோக ஆக்சைடுகளிடமிருந்து பறிக்கும். அப்படித்தான் இரும்பு சீனத்துப் பச்சையாகிறது, செம்பு இரத்தச் சிவப்பாகிறது. மின்கம்பி சூடாக்கும் சூளையில் தீயே கிடையாது. காற்று நிறைய இருக்கும். வெளிவரும் நிறங்கள் சுத்தமாகவும் தட்டையாகவும் இருக்கும். 'உயிரில்லை' என்பார்கள்.

ஆனால் லண்டன் சந்து வீட்டில் விறகுச் சூளை வைக்க முடியாது. இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தார். தீ தராத உயிர்ப்பை மண்ணிலும் கிளேஸிலும் முன்கூட்டியே வைத்தார். சிலிக்கன் கார்பைடு பொடியைக் கலந்தார். அது சூளையில் வாயுவாகக் குமிழ்த்து, கெட்டியான கிளேஸைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். ஆறும்போது குமிழ்கள் உடைந்த இடமெல்லாம் குழி. எரிமலைக் கல் போன்ற, தொட்டால் கடற்கரைப் பாறையை நினைவூட்டும் மேற்பரப்பு. வெவ்வேறு ஆக்சைடு கலந்த இரண்டு களிமண்களை அரைகுறையாகப் பிசைந்து ஒரே உருண்டையாகச் சக்கரத்தில் வைத்தார். மண் மேலெழும்போது இரண்டு நிறமும் சுருளாக அடியிலிருந்து விளிம்புவரை ஏறின. மாங்கனீசும் செம்பும் சேர்ந்த கலவையை விளிம்பில் தடவினார். வெந்தபின் அது பழைய வெண்கலம்போல, சில சமயம் அசல் தங்கம்போல மின்னியது. சற்றுத் தடித்த இடத்தில் கீழ்நோக்கி வழிந்து இறங்கியது. இந்தப் பொருள்களில் சில நச்சுத்தன்மை உள்ளவை. மாங்கனீசுப் புகையைச் சுவாசிப்பது நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் என்பதால் இன்று இதே கலவையைக் கையாளுகிறவர்கள் முகமூடியும் நல்ல காற்றோட்டமும் இல்லாமல் சூளை பக்கம் போகக் கூடாது.

இதெல்லாம் ஒரே சூட்டில் நடக்கிறது என்பதை மறக்க வேண்டாம். இரண்டாம் வாய்ப்பு இல்லை.

அவர் வேலையில் எனக்கு மிகப் பிடித்தது கீறல் வேலைதான். 1940-களின் இறுதியில் ரீயும் கோப்பரும் ஏவ்பரி என்ற ஊரின் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். மாபெரும் கல்வட்டம் இருக்கும் ஊர் அது. அங்கே வரலாற்றுக்கு முற்பட்ட மண்பாத்திரங்கள் சில, மேலே கீறிய கோலங்களோடு இருந்தன. பக்கத்தில் பறவை எலும்புகள். அவற்றால்தான் அந்தக் கோடுகளைக் கீறியிருக்கக்கூடும் என்ற விளக்கத்தோடு. வீடு திரும்பியதும் ரீ ஒரு ஊசியை எடுத்துக்கொண்டார்.

அப்படி ஒரு கிண்ணத்தைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். அடி மிகச் சிறியது, மூன்று விரலில் அடங்கும். அதிலிருந்து சுவர் நேராக, விறைப்பாக விரிந்து, விளிம்பில் ஓர் ஒட்டுமொத்த வட்டமாக முடிகிறது. இவ்வளவு சின்ன அடியில் இவ்வளவு அகன்ற வாய் எப்படி நிற்கிறது என்று ஒரு கணம் பதற்றம் வரும். உட்புறம் முழுவதும் மாங்கனீசுப் பழுப்பு. நடுவிலிருந்து விளிம்புவரை, சூரியக் கதிர்போல, நூற்றுக்கணக்கான கோடுகள். பழுப்புப் பூச்சைக் கீறி அடியில் இருக்கும் வெள்ளை மண்ணைக் காட்டுகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் அளவுகோல் வைத்துப் போட்டதுபோல இருக்கும். பக்கத்தில் போனால் ஒரு கோடும் இன்னொன்றைப்போல இல்லை. ஒன்று பாதியில் சற்று வளைகிறது. ஒன்று தன் அண்டைக் கோட்டோடு ஒட்டிக்கொண்டு, பிறகு விலகுகிறது. ஊசி ஏறிய இடத்தில் அழுத்தம் அதிகம், இறங்கிய இடத்தில் குறைவு. காய்ந்த மண்ணில் ஊசி ஓடும்போது பொடி உதிரும், ஆழமாக அழுத்தினால் சுவரே உடையும், ஒரு கோடு பிசகினால் அழிக்க வழி கிடையாது. கை நடுங்காமல் இருக்க வேண்டும். ஆனால் இயந்திரமாகவும் ஆகிவிடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் கை இருந்தது.

நீண்ட கழுத்துள்ள ஜாடிகள் இன்னொரு வகை. உடலைத் தனியாக, கழுத்தைத் தனியாக வனைந்து சேர்ப்பார். வாய் தாமரை இலைபோல அகலமாக விரியும். இணைத்தபின் வட்டத்தை லேசாக அமுக்கி நீள்வட்டம் ஆக்குவார். சக்கரம் தரும் கச்சிதமான சமச்சீர் அந்த ஒரு அமுக்கலில் கலைந்து, ஜாடி ஒரு ஆள் நிற்பதுபோல நிற்கும்.

1960-இலிருந்து 10 ஆண்டுக்கு மேல் கேம்பர்வெல் கலைப் பள்ளியில் கற்பித்தார். தன்னைப்போலச் செய்யும்படி யாரையும் சொல்லவில்லை என்பதற்கு அங்கே படித்து வந்தவர்களின் வேலையே சாட்சி. யூவன் ஹெண்டர்சனின் கந்தலும் கரடுமான வடிவங்களுக்கும் ரீயின் கிண்ணத்துக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை. விருதுகள் வந்தன, 1991-இல் பிரிட்டனின் 'டேம்' பட்டம். கலை பற்றிப் பெரிய பேச்சு எதுவும் அவரிடமிருந்து வாங்க முடியாது. கேட்டால் தான் பாத்திரம் செய்கிறவள் என்பதோடு நிறுத்திக்கொள்வார். வந்தவர்களுக்குக் காபியும் கேக்கும் கொடுப்பார்.

1982-இல் பிபிசி தொலைக்காட்சிக்காக டேவிட் ஆட்டன்பரோ அவரைப் பட்டறையில் சந்தித்த காட்சி ஒன்று உண்டு. ரீக்கு அப்போது 80 வயது. மேலிருந்து திறக்கும் சூளை. அடியில் இருக்கும் பாத்திரத்தை எடுக்க உள்ளே தலைகீழாகக் குனிகிறார், கால் தரையைவிட்டு எழும்புகிறது. அவர் உள்ளே விழுந்துவிடாமல் ஆட்டன்பரோ பிடித்துக்கொள்கிறார். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, திருப்பிப் பார்த்து, ஒன்றைக் கண்டு வியக்கிறார். 60 ஆண்டாகச் சூளை திறந்தவரின் முகத்தில் அந்த வியப்பு. ஒரே முறை சுடுகிறவருக்கு அது நடிப்பாக இருக்க முடியாது. மூடி திறக்கும்வரை அவருக்கும்தான் தெரியாது.

இப்போது லீச்.

1938-இல் ரீ வந்திறங்கிய இங்கிலாந்தில் ஸ்டுடியோ மண்பாண்டம் என்றால் பெர்னார்ட் லீச். ஹாங்காங்கில் பிறந்து, ஜப்பானில் மண்வேலை கற்று, 1920-இல் ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாடாவுடன் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் பட்டறை போட்டவர். ஜப்பானிய முறையில் மேடேறும் விறகுச் சூளை கட்டியவர். கிராமத்துக் குயவனின் கனமான, நேர்மையான, அன்றாடப் பாத்திரம்தான் அவருக்கு உரைகல். 1940-இல் அவர் எழுதிய கையேடு ஒரு தலைமுறைக்கே வேதமானது. ரீயின் வியன்னாப் பாத்திரங்களைப் பார்த்தபோது அவருக்குப் பிடிக்கவில்லை. மெலிந்திருக்கின்றன, கையில் கனம் இல்லை, மனித இயல்பு குறைவு என்று பட்டது. அவரளவில் அது நியாயமான தீர்ப்பு. விறகுத் தீயையும் கைத்தடத்தையும் நம்புகிறவருக்கு மேசையில் மிதப்பதுபோல நிற்கும் கோப்பை அந்நியமாகத்தான் தெரியும்.

ரீ அந்தத் தீர்ப்பை மனதில் போட்டுக்கொண்டார். லீச்சிடம் அவருக்கு உண்மையான மரியாதை. ஊர் புதிது, மொழி புதிது, இங்கே மண்ணை இப்படித்தான் செய்வார்கள் போலிருக்கிறது என்று 1940-களில் கொஞ்ச காலம் தடித்த, உருண்ட, லீச் சாயலுள்ள பாத்திரங்களைச் செய்து பார்த்தார். அவை அவருக்கு வரவில்லை. வேறொருவரின் கையெழுத்தில் எழுதியதுபோல இருந்தன. அப்போது, பட்டன் அழுத்த வந்த கோப்பர்தான் அவரைத் தடுத்து நிறுத்தினார். அவருடைய பழைய வியன்னா வேலைகளே அவருடையவை, அங்கே திரும்பிப் போகட்டும் என்று வற்புறுத்தினார். தன்னை மண்வேலைக்குக் கொண்டுவந்தவருக்கு அவருடைய வழியைத் திருப்பிக் காட்டியவர் கோப்பர். 1948-இல் சூளை வந்ததும் ரீ தன் மெல்லிய சுவருக்கே திரும்பினார், இம்முறை ஸ்டோன்வேரில்.

லீச்சும் அவரும் நண்பர்களாகவே இருந்தார்கள். லண்டன் வந்தால் லீச் ஆல்பியன் மியூஸுக்கு வருவார். அவரிடம் ஒரு கொரிய ஜாடி இருந்தது. ஜோசன் அரசமரபுக் காலத்து வெள்ளைப் போர்சலின், பெரிய உருண்டை. இரண்டு அரைக்கோளங்களைத் தனித்தனியாக வனைந்து நடுவில் ஒட்டியது. சேர்ந்த இடத்தில் வட்டம் சற்றுப் பிசகியிருக்கும். முழு நிலவுபோல இருப்பதால் நிலா ஜாடி என்பார்கள். 1935-இல் கொரியாவின் சியோல் நகரில் வாங்கியது. 1943-இல், போருக்கு நடுவில், பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி அதை ரீயிடம் கொடுத்தார். போர் முடிந்தபின் அதை எடுத்துப்போக வேண்டியவர், பிளிஷ்கேயின் சாமான்களுக்கு நடுவே, ரீயின் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் அது இருந்த இருப்பைப் பார்த்தார். அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். 1990-இல் பக்கவாதம் வந்து ரீ வேலையை நிறுத்தினார், 1995 ஏப்ரல் 1-இல் இறந்தார். ஜாடி அதுவரை அந்த வீட்டிலேயே இருந்தது. பிறகு லீச்சின் மனைவி ஜேனட்டிடம் போய், 1999-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தது. வால்நட் அலமாரிகள் வியன்னாவுக்குத் திரும்பின. சக்கரமும் பட்டறையும் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் மண்பாண்டக் கூடத்தில் அப்படியே வைக்கப்பட்டிருக்கின்றன.